முதலில் சேர், பிறகு கழற்று: வீட்டு சர்வரின் மிரரை 4 டிபியிலிருந்து 8 டிபிக்கு மாற்றிய பதிவு

என் வீட்டு சர்வரின் டேட்டா டிஸ்குகளை நிர்வகிப்பது இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை. ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்கிலும் வைக்கும் அமைப்பு மிரர், டிஸ்குகள் சேர்ந்த சேமிப்பு பூல். மாதாந்தர ஸ்கிரப் (டேட்டாவைப் படித்துச் சரிபார்ப்பது) முடிந்து வந்த மின்னஞ்சலில் பூலின் நிலை ‘ஆன்லைன்’ என்றே இருந்தது. ஆனால் மிரரில் உள்ள இரண்டு 4 டிபி டிஸ்குகளில் ஒன்றுக்கு நேரே, ரீட் (படிப்புப் பிழை) கட்டத்தில் 3. மேலே 384கே சரிசெய்யப்பட்டதாக ஒரு வரி. இசட்எஃப்எஸ் தன் வேலையைச் செய்திருந்தது: ஒரு டிஸ்க் படிக்க மறுத்த இடத்தை மற்றதிலிருந்து எடுத்துத் திரும்ப எழுதிவிட்டது. டேட்டா எதுவும் போகவில்லை.

இந்த இடத்தில்தான் பலர் சந்தேகத்துக்குரிய டிஸ்கை உடனே உருவிவிட்டுப் புதியதைச் செருகுகிறார்கள். அப்படிச் செய்தால் ரீசில்வர் (புது டிஸ்குக்கு நகலெடுப்பது) ஓடும் அத்தனை மணி நேரமும் முழு டேட்டாவும் ஒரே டிஸ்கின் தயவில் நிற்கும். அதுவும் அதே வயதுடையது, அதே பெட்டிக்குள் அதே சூட்டில் ஓடியது. நொண்டினாலும் பழைய டிஸ்கில் இருப்பது கிட்டத்தட்ட முழுமையான பிரதி. ஆரோக்கியமான டிஸ்கில் ஒரு செக்டர் படிக்க முடியாமல் போனால், அந்த ஒரு செக்டரை நொண்டி டிஸ்க் கொடுத்துவிடும். இரண்டும் ஒரே செக்டரில் கெட்டிருப்பது மிக அபூர்வம். ஆகவே அது கடைசி வரை உள்ளேயே இருக்க வேண்டும். கீழே உள்ள வேலை வரிசை முழுவதும் இந்த ஒரு காரணத்தால் அமைந்தது.

மெஷின், ஆபீஸ் லீஸ் முடிந்து சந்தைக்கு வரும் வகை டெஸ்க்டாப். 8ஆம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ரேம், டெபியன் 13. ரூட் (இயங்குதளம் இருக்கும் பகுதி) 250 ஜிபி எஸ்எஸ்டியில் எக்ஸ்ட்4. டேட்டா மட்டும் இசட்எஃப்எஸ். போர்டில் சாட்டா (டிஸ்க் இணைக்கும்) போர்ட் நான்கு: எஸ்எஸ்டிக்கு ஒன்று, டிஸ்குகளுக்கு இரண்டு, யாரும் தொடாத டிவிடி டிரைவுக்கு ஒன்று. அந்த டிவிடி போர்ட்தான் இந்த வேலைக்கு உயிர். உங்கள் பெட்டியில் உபரி போர்ட் இல்லையென்றால், ஒரு மலிவான இரண்டு போர்ட் பிசிஐஇ சாட்டா கார்டு வாங்குவது டிஸ்கை உருவி எடுப்பதைவிட நல்ல முதலீடு. யுஎஸ்பி டாக்கிலும் செய்யலாம், ஆனால் சில யுஎஸ்பி பிரிட்ஜ் சிப்கள் டிஸ்கின் சீரியல் எண்ணை மறைத்துத் தங்கள் எண்ணைக் காட்டும். நீண்ட எழுத்து வேலையின் நடுவே இணைப்பு அறுந்து திரும்ப வருவதும் உண்டு.

டிஸ்கா, கேபிளா, சூடா

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்துவைக்கும் வசதி ஸ்மார்ட். அதைப் படிக்கும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளை கொட்டும் பட்டியலில் முதலில் பார்க்க வேண்டியவை ஐந்து எண்கள். 5, மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள். 197, படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. 198, ஆஃப்லைன் சோதனையிலும் மீட்க முடியாதவை. 199, டிஸ்குக்கும் போர்டுக்கும் இடையே வழியில் சிதைந்த டேட்டா. 194, வெப்பநிலை.

இந்த டிஸ்கில் 197 காட்டியது 16, 198லும் 16. 5லும் 199லும் பூஜ்யம். பல டிஸ்குகளில் 197 எட்டின் மடங்காக ஏறுவதைப் பார்க்கலாம். உள்ளே 4096 பைட் செக்டர், வெளியே 512 பைட் செக்டராக நடிக்கிறது. ஒரு நிஜச் செக்டர் கெட்டால் கணக்கில் எட்டு. ஆக இங்கே கெட்டிருப்பது இரண்டே செக்டர்.

ஸ்கிரப் திரும்ப எழுதிச் சரிசெய்த பிறகும் 197 ஏன் பூஜ்யமாகவில்லை? ஸ்கிரப், பயன்பாட்டில் உள்ள பிளாக்குகளை மட்டுமே படிக்கும். காலி இடத்தில் கிடக்கும் கெட்ட செக்டரை அது தொடுவதே இல்லை. என்றைக்காவது ஒரு கோப்பு அங்கே போய் உட்காரும்போதுதான் விஷயம் தெரியும். முழுப் பரப்பையும் படிப்பது டிஸ்கின் சொந்த நெடுஞ்சோதனை மட்டுமே. அதை ஓடவிட்டதில் பாதியில் ‘ரீட் ஃபெயிலியர்’ என்று நின்று, செக்டர் எண்ணையும் கொடுத்தது. இரண்டு செக்டர் கெட்டதால் மட்டும் ஒரு டிஸ்கைத் தூக்கி எறியத் தேவையில்லை. ஒரு வாரம் விட்டு எண் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். இது 24 ஆனது. ஏறத் தொடங்கிய டிஸ்கில் நம்பிக்கை வைப்பதில் பொருள் இல்லை.

மாறாக 199 ஏறி, 5ம் 197ம் அசையாமல் இருந்தால் டிஸ்கை மாற்றாதீர்கள், கேபிளை மாற்றுங்கள். கெர்னல் (இயங்குதளத்தின் மையம்) பதிவில் அந்த ஏடிஏ போர்ட்டின் பெயரோடு ‘ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்’ என்று வரிகள் இருக்கும். 199 ஒருபோதும் குறையாது, ஆகவே கேபிள் மாற்றிய அன்று எண்ணைக் குறித்துவைத்து, அதற்கு மேல் ஏறுகிறதா என்று பார்ப்பதுதான் வழி.

194ல் இரண்டு டிஸ்கும் 51 பாகை. பெட்டி இருந்தது பாம் ஷெல்டருக்குள். 1998 முதல் கட்டிய சிங்கப்பூர் வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் இருக்கும் அந்தக் கான்கிரீட் அறையில் சர்வரை வைக்கும் ஆசை எல்லோருக்கும் வருகிறது: சத்தம் வெளியே வராது, பிள்ளைகளின் கை படாது. ஆனால் தடித்த சுவர், இரும்புக் கதவு, காற்றோட்டம் அறவே இல்லை. வெளி அறை 30 பாகை இருக்கும்போது, 40 வாட் வெப்பத்தைத் தொடர்ந்து கக்கும் பெட்டி, மூடிய ஷெல்டரைப் பல பாகை ஏற்றிவிடும். சுவரில் கேபிளுக்கு ஓட்டை போடுவது குடிமைத் தற்காப்புப் படையின் விதிகளில் போய் முட்டும். கதவிடுக்கில் நெட்வொர்க் கேபிளை விட்டால் கதவு இறுக மூடாது, கேபிளும் நசுங்கும். வைஃபை அந்தச் சுவரைத் தாண்டுவதை மறந்துவிடலாம்.

பெட்டியை ஃபைபர் பெட்டிக்குப் பக்கத்தில், வரவேற்பறை அலமாரியின் கதவில்லாத தட்டுக்கு மாற்றி, முன்புறம் ஒரு 120 மிமீ ஃபேனை டிஸ்குகளுக்கு நேரே காற்று அடிக்கும்படி பொருத்தியதும் 51 என்பது 41 ஆனது. ஃபேன் நிமிடத்துக்கு 800 சுற்றில் ஓடினால் போதும், தொலைக்காட்சிச் சத்தத்தில் கேட்காது. பெரும்பாலான டிஸ்குகளின் உச்சவரம்பு 60 பாகை என்று தயாரிப்பாளர் தாளில் இருக்கும். 45க்குக் கீழே வைத்திருப்பது நம் வரம்பு. மேற்கு வெயில் நேராக அடிக்கும் சுவரோரம் வேண்டாம்.

டிஸ்க் வாங்கும்போது

இசட்எஃப்எஸ் மிரருக்கு சிஎம்ஆர் (டிராக்குகள் தனித்தனியாக இருக்கும்) டிஸ்க் மட்டும். எஸ்எம்ஆர் டிஸ்கில் டிராக்குகள் ஓட்டுக்கூரை போல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பதால், ஒன்றைத் திருத்தினால் பக்கத்தில் உள்ளவற்றையும் திரும்ப எழுத வேண்டும். தினசரி உபயோகத்தில் கேஷ் பகுதி அதை மறைத்துவிடும். ரீசில்வர் போல மணிக்கணக்கில் எழுதும்போது கேஷ் நிரம்பி, வேகம் பாதாளத்துக்குப் போகும். சில சமயம் பதில் வர நேரமாகி டிஸ்கே பூலிலிருந்து உதறப்படும். 2020 ஏப்ரலில், வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையான சில மாடல்கள் சொல்லாமலே எஸ்எம்ஆராக மாறியிருந்தது வெளிப்பட்டது. அதன் பிறகுதான் சிஎம்ஆர் டிஸ்குகளுக்கு ரெட் பிளஸ் என்ற தனிப் பெயர் வந்தது. இன்று மூன்று பெரிய தயாரிப்பாளர்களும் மாடல் வாரியாகப் பட்டியல் கொடுக்கிறார்கள். கடைக்காரர் சொல்லை நம்பாமல் மாடல் எண்ணை அந்தப் பட்டியலில் பாருங்கள்.

இன்னொன்று. 2025 தொடக்கத்தில், ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடிய ஸீகேட் டிஸ்குகள், ஸ்மார்ட் எண்கள் பூஜ்யமாக்கப்பட்டு, விற்பனைச் சங்கிலியில் எங்கோ நுழைந்து புதியவையாக விற்கப்பட்டது அம்பலமானது. ஸ்மார்ட்டில் உள்ள ஓட்ட நேரத்தை அழித்தவர்கள், டிஸ்க் தனியாக வைத்திருக்கும் ஃபார்ம் பதிவை விட்டுவிட்டார்கள். ஸ்மார்ட்மான்டூல்ஸ் 7.4 அதைப் படிக்கும்: ஸ்மார்ட்சிடிஎல் கட்டளைக்கு எல் சுவிட்ச் (கட்டளையோடு சேர்க்கும் விருப்ப எழுத்து), அதன் பின் ஃபார்ம் என்ற சொல். ஸ்மார்ட்டில் 2 மணி நேரமும் ஃபார்மில் 18,000 மணி நேரமும் காட்டினால் டிஸ்க் நேராகக் கடைக்குத் திரும்பட்டும்.

சிம் லிம் ஸ்குவேரில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும், உள்ளூர் விநியோகிப்பாளரின் வாரண்டி ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியில் உள்ள சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் வாரண்டிப் பக்கத்தில் தட்டினால் எந்த வட்டாரத்துக்குப் போன சரக்கு என்று தெரிந்துவிடும். வேறு வட்டாரத்துச் சரக்கு சில பத்து வெள்ளி மலிவாகக் கிடைக்கும், ஆனால் கெட்டால் கப்பலில் அனுப்புவது உங்கள் செலவு. இரண்டு டிஸ்கையும் இரண்டு கடைகளில் வாங்குவது நல்லது. ஒரே அட்டைப்பெட்டியில் வந்து, ஒரே கீழே விழுதலைச் சந்தித்த இரட்டையர் மிரருக்கு ஆகாது.

சுழலவே மறுத்த டிஸ்க்

புதிய 8 டிபி டிஸ்குகளில் ஒன்று, மின்சாரம் கொடுத்தும் சுழலவில்லை. பயாசிலும் தெரியவில்லை. இது பழுது அல்ல. சாட்டா மின் இணைப்பின் மூன்றாவது பின், பழைய வரையறையில் 3.3 வோல்ட், சாட்டா 3.3 வரையறையில் அதே பின் ‘டிஸ்கை அணைத்து வை’ என்ற சைகை. நிறுவன ரக டிஸ்குகளிலும், வெளிப்புறப் பெட்டியை உடைத்து எடுத்த டிஸ்குகளிலும் இது அடிக்கடி வரும். பழைய பவர் சப்ளை அந்தப் பின்னில் எப்போதும் 3.3 வோல்ட்டை வைத்திருக்கும், டிஸ்கும் சொன்னபடி அணைந்தே கிடக்கும்.

தீர்வு, கேப்டன் டேப் (சூடு தாங்கும், மின்சாரம் கடத்தாத ஒட்டுநாடா). எல் வடிவ முனை இருக்கும் பக்கத்திலிருந்து எண்ணி முதல் மூன்று பின்களையும் மூடும் அளவுக்கு, 4 மிமீ அகலத் துண்டு, மூன்றுமே 3.3 வோல்ட் தடங்கள்தான், டிஸ்குகள் அவற்றைப் பயன்படுத்துவதில்லை. நான்காவது பின் தரை இணைப்பு, அதை மூடிவிடக் கூடாது. சாதாரண செலோடேப் சூட்டில் இளகிப் பசை வழியும். கேப்டன் டேப், கிரிம்ப் செய்யும் கருவி, தனி பின் எல்லாம் சிம் லிம் டவரின் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும்.

மோலெக்ஸ் (பழைய நான்கு பின் மின் இணைப்பு) அடாப்டர் போட்டாலும் 3.3 வோல்ட் வராது, பிரச்சினை தீரும். ஆனால் பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த வகை அடாப்டர் வேண்டாம். உள்ளே கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டும் தூரத்தில் இருக்கும். நாளடைவில் பிளாஸ்டிக் இளகி, 12 வோல்ட்டும் தரையும் தொட்டு, எரிந்துபோனவை ஏராளம். ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாக கிரிம்ப் செய்யப்பட்டு, பின்புறம் கழற்றக்கூடிய மூடி உள்ள வகையைத் தேடுங்கள்.

பவர் சப்ளையின் கணக்கையும் போட்டுவிட வேண்டும். 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் சில விநாடிகளில் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். மூன்று டிஸ்க் சேர்ந்தால் 6 ஆம்பியர், 72 வாட். ஓடத் தொடங்கிய பிறகு ஒவ்வொன்றும் 5 வாட்டைச் சுற்றியே. 180 வாட் சப்ளைக்குத் தாங்கும், ஆனால் கிராஃபிக்ஸ் கார்டு ஏதாவது இருந்தால் இந்த வேலை முடியும்வரை கழற்றி வையுங்கள்.

பூலில் சேர்க்கும் முன்

முதலில் பேக்கப். மிரர் என்பது பேக்கப் அல்ல என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் இந்த வேலை தொடங்கும் முன் எத்தனை பேர் யுஎஸ்பி டிஸ்கை எடுத்துச் செருகுகிறார்கள் என்பது வேறு கதை. பூல் முழுதுக்கும் ரிகர்சிவ் ஸ்னாப்ஷாட் (உட்பிரிவுகள் உட்பட, அந்த நொடியின் உறைநிலைப் பதிவு), அதைப் பெரிய ஆர் சுவிட்சுடன் இசட்எஃப்எஸ் செண்ட் வழியாக வெளி டிஸ்குக்கு. முடிந்ததும் அங்கிருந்து இரண்டு மூன்று கோப்புகளைத் திறந்து பாருங்கள்.

அடுத்து, ஒவ்வொரு டிஸ்கின் சீரியல் எண்ணில் கடைசி நான்கு இலக்கத்தை ஒரு ஸ்டிக்கரில் எழுதி, செருகியபடியே கண்ணில் படும் முனையில் ஒட்டவும். எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை நம்பி எதையும் கழற்றக் கூடாது. புது டிஸ்க் செருகிய மறுபூட்டில் அவை இடம் மாறும். கட்டளைகளில் எப்போதும் டெவ் அடைவின் கீழ் டிஸ்க், பை-ஐடி என்ற உள்ளடைவில் உள்ள நீண்ட பெயரே. அதில் மாடலும் சீரியலும் இருப்பதால் ஸ்டிக்கரோடு ஒப்பிட முடியும்.

புது டிஸ்குக்கு உழைப்புச் சோதனை: குறுஞ்சோதனை, நெடுஞ்சோதனை, பிறகு பேட்பிளாக்ஸ் எழுத்துச் சோதனை, மறுபடி நெடுஞ்சோதனை. பேட்பிளாக்ஸ் கட்டளையில் பிளாக் அளவை 4096 என்று கொடுக்காவிட்டால் பெரிய டிஸ்கில் கட்டளை மறுத்துவிடும், காரணம் அதன் பிளாக் எண்ணிக்கை 32 பிட்டுக்குள் அடங்க வேண்டும். 4096ல் 16 டிபி வரை வண்டி ஓடும். அதற்கு மேல் 8192. எழுத்துச் சோதனை டிஸ்கில் உள்ள அனைத்தையும் அழிக்கும், ஆகவே சீரியலை இரண்டு முறை பாருங்கள்.

நேரக் கணக்கு இது: நான்கு வடிவங்கள், ஒவ்வொன்றையும் எழுதிப் படிப்பதால் மொத்தம் எட்டு முழுச் சுற்று. 8 டிபி டிஸ்க் சராசரி 170 எம்பி வேகத்தில் ஒரு சுற்றுக்கு 13 மணி நேரம். எட்டுக்கு நான்கு நாளுக்கு மேல். பொறுமை இல்லாதவர்கள் ஒரே ஒரு ரேண்டம் வடிவத்தைக் கொடுத்து 26 மணி நேரத்தில் முடிக்கலாம். குட்டியிலே சாகிற டிஸ்குகளை அதுவே பெரும்பாலும் பிடித்துவிடும். எல்லாவற்றையும் டிமக்ஸுக்குள் ஓடவிடுங்கள், எஸ்எஸ்எச் (தொலை இணைப்பு) அறுந்தாலும் வேலை அறுபடாது. டிஸ்க் தற்காலிகமாக மேசையில் கிடக்கும் என்பதால் கீழே ரப்பர் பாயும் பக்கத்தில் மேசைஃபேனும் அவசியம். காற்றில்லாமல் மேசையில் எழுதும் டிஸ்க் 55ஐ எளிதாகத் தொடும். சுழலும்போது நகர்த்தாதீர்கள்.

கடைசியாக, பூலின் ஆஷிஃப்ட் எண் (பூல் எந்தச் செக்டர் அளவில் எழுதுகிறது என்று சொல்வது). இசட்பூல் கெட் சில சமயம் 0 என்று காட்டும், அது உதவாது. இசட்டிபி கட்டளையின் பெரிய சி சுவிட்ச் உண்மையைச் சொல்லும். 12 என்றால் 4096 பைட், தொடரலாம். 9 என்றால் பழைய 512 பைட் காலத்துப் பூல். அதில் 4096 பைட் செக்டரை மறைக்காத டிஸ்க் சேரவே சேராது. மறைக்கும் டிஸ்க் சேரும், எழுத்து வேகம் நொண்டும். அப்படிப்பட்ட பூலுக்கு இந்தப் பதிவின் முறை பொருந்தாது. புது டிஸ்குகளில் புதுப் பூல் கட்டி, செண்ட் ரிசீவ் வழியாக மாற்றுவதே சரி.

அட்டாச், டிடாச், ஸ்பிளிட்

டிவிடி போர்ட்டில் முதல் புது டிஸ்க். கட்டளை இசட்பூல் அட்டாச்; பின்னால் மூன்று சொற்கள்: பூலின் பெயர், மிரரில் ஏற்கெனவே உள்ள டிஸ்குகளில் ஏதாவது ஒன்றின் பெயர், புது டிஸ்கின் பெயர். ‘ஆட்’ என்று தட்டிவிடக் கூடாது. அட்டாச் மிரரில் இன்னொரு பிரதியைச் சேர்க்கும். ஆட், பூலில் தனி டிஸ்க் ஒன்றைப் பக்கத்தில் ஒட்டும், அன்றிலிருந்து அந்த ஒரு டிஸ்க் போனால் பூலே போச்சு. இப்போதைய பதிப்புகள் மிரருக்குப் பக்கத்தில் தனி டிஸ்கை ஒட்ட மறுத்துத் தடுக்கும். எஃப் சுவிட்ச் போட்டு அந்தத் தடையை மீறாமல் இருந்தால் சரி.

ஓப்பன்இசட்எஃப்எஸ் 2.0 முதல் அட்டாச்சுக்கு எஸ் சுவிட்ச் உண்டு: டிஸ்கை வரிசையாக நகலெடுக்கும், வேகம் அதிகம். ஆனால் நகலெடுக்கும்போது செக்சம் (டேட்டா சிதையவில்லை என்று காட்டும் எண்) சரிபார்க்காது, முடிந்த பிறகு தானாக ஒரு ஸ்கிரப் ஓடும். மூல டிஸ்கில் ஒன்று ஏற்கெனவே தடுமாறும் நிலையில் அந்த வழி வேண்டாம். வழக்கமான ரீசில்வர் ஒவ்வொரு பிளாக்கையும் சரிபார்த்து, ஒரு டிஸ்க் கொடுத்தது தப்பு என்றால் மற்றதைக் கேட்கும்.

2.6 டிபி டேட்டா, சராசரி 130 எம்பி வேகம்: ஐந்தரை மணி நேரம். தொடக்கத்தில் ஸ்டேட்டஸ் காட்டும் மீதி நேரத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். முதலில் மெட்டாடேட்டாவை அலசி வரிசைப்படுத்தும், அப்போது நாள்கணக்கில் காட்டும், பிறகு இறங்கும். ஜெல்லிஃபின் (வீடியோ சர்வர்) தம்ப்நெயில் வேலை, இம்மிச் (புகைப்பட சர்வர்) முகத் தேடல் போன்றவற்றை நிறுத்திவைத்தால் விரைவாக முடியும். இடையில் மின்சாரம் போனாலும் முதலிலிருந்து தொடங்காது. முன்னேற்றத்தை இயல்பாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை டிஸ்கில் குறித்துவைக்கும், அங்கிருந்து தொடரும்.

ரீசில்வர் முடிந்து, மூன்று டிஸ்கும் ஆன்லைன், பிழை இல்லை என்று வந்த பிறகுதான் நொண்டி டிஸ்குக்கு டிடாச். மெஷினை அணைத்து, ஸ்டிக்கர் பார்த்து அதைக் கழற்றி, அதே போர்ட்டில் இரண்டாவது புது டிஸ்க். ஆபீஸ் டெஸ்க்டாப்களில் ஹாட்பிளக் பெரும்பாலும் பயாசில் அணைக்கப்பட்டிருக்கும், ஓடும்போது கழற்றும் வீரம் வேண்டாம். பூட் ஆனதும் மறுபடி அட்டாச், மறுபடி ஐந்தரை மணி நேரம். எந்தக் கட்டத்திலும் முழுப் பிரதி இரண்டுக்குக் குறையவில்லை.

இப்போது மிரரில் இரண்டு புது டிஸ்க், ஆரோக்கியமான ஒரு பழைய 4 டிபி. அந்தப் பழையதை டிடாச் செய்யக் கூடாது. டிடாச் செய்தால் அதன் லேபிள் (எந்தப் பூலைச் சேர்ந்தது என்ற அடையாளம்) அழிந்து, உள்ளே டேட்டா இருந்தும் இல்லாத டிஸ்காகிவிடும். இங்கே தேவையானது இசட்பூல் ஸ்பிளிட்: பூல் பெயர், புதிய பூலுக்கு ஒரு பெயர், பிரிக்க வேண்டிய டிஸ்க். சில விநாடிகளில் அந்தப் பழைய டிஸ்க், ஸ்னாப்ஷாட்டுகள் உட்பட அனைத்தும் அடங்கிய தனிப் பூலாகிவிடும். டிஸ்க் பெயரைக் கொடுக்காவிட்டால் மிரரின் கடைசி டிஸ்கைப் பிரித்துவிடும், அது இங்கே புது டிஸ்க். ஆகவே பெயர் கட்டாயம். ரீசில்வர் ஓடும்போது ஸ்பிளிட் மறுக்கும், அது நல்லதே.

பிரிந்த பூல் தானாக இம்போர்ட் ஆகாது (திறந்துகொள்ளாது). பின்னால் பார்க்க வேண்டுமானால் பெரிய ஆர் சுவிட்சில் வேறு அடைவைக் கொடுத்து இம்போர்ட் செய்யுங்கள், இல்லாவிட்டால் இரண்டு பூலும் ஒரே மவுன்ட் இடத்துக்குச் சண்டை போடும். இதில் உள்ள இன்னொரு வசதி: இரண்டு பூலுக்கும் பழைய ஸ்னாப்ஷாட்டுகள் பொதுவானவை. ஆகவே அந்த டிஸ்கைத் தங்கை வீட்டிலோ ஆபீஸ் மேசை அறையிலோ வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொண்டுவந்து மாற்றங்களை மட்டும் இன்கிரிமென்டல் செண்டில் அனுப்பலாம். பொது ஸ்னாப்ஷாட்டுக்கு ஒரு ஹோல்டு (அழிக்க விடாத பூட்டு) போட்டு வையுங்கள், தானியங்கிச் சுத்தம் அதை அழித்துவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து அனுப்ப வேண்டும்.

பூலின் அளவு இன்னும் 4 டிபிதான் காட்டும். ஆட்டோஎக்ஸ்பாண்ட் ஆனில் இருந்தால் கடைசிச் சின்ன டிஸ்க் வெளியேறியதும் தானே விரியும். இல்லையென்றால் ஒவ்வொரு புது டிஸ்குக்கும் இசட்பூல் ஆன்லைன், இ சுவிட்சுடன். முடிந்ததும் 7.27டி என்று காட்டும். 8 டிபியில் மீதி எங்கே என்று தேட வேண்டாம், அது ஆயிரத்துக்கும் 1024க்கும் உள்ள வித்தியாசம்.

கெர்னல் மாறிய மறுநாள் பூலைக் காணவில்லை என்றால்

டிஸ்க் மாற்றும் அதே வாரத்தில் டெபியனையும் மேம்படுத்தும் ஆசை வேண்டாம். எது எதனால் உடைந்தது என்று பிரித்தறிய முடியாது. இசட்எஃப்எஸ்ஸின் சிடிடிஎல் உரிமம் கெர்னலின் ஜிபிஎல்லோடு சேராததால், டெபியனில் அது கான்ட்ரிப் பகுதியில், டிகேஎம்எஸ் (கெர்னல் மாட்யூலைத் தானாகக் கட்டும் கருவி) வழியாக ஒவ்வொரு கெர்னலுக்கும் உங்கள் மெஷினிலேயே கம்பைல் ஆகிறது. கெர்னல் ஹெடர்ஸ் மெட்டா பேக்கேஜ் நிறுவப்படாமல், ஒரு குறிப்பிட்ட பதிப்பின் ஹெடர்ஸ் மட்டும் இருந்தால், அடுத்த கெர்னல் வந்ததும் மாட்யூல் உருவாகாது. மறுபூட்டில் பூல் காணாமல் போகும். டேட்டாவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கிரப் மெனுவில் பழைய கெர்னலில் பூட் செய்து, மெட்டா பேக்கேஜை நிறுவி, டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால் ஓட்டினால் சரியாகும். செக்யூர் பூட் ஆனில் இருந்தால் டிகேஎம்எஸ் சாவியை மோக்யூட்டிலில் ஒருமுறை பதிய வேண்டும்.

இதைவிட மோசமானது அதன் பக்கவிளைவு. பூல் மவுன்ட் ஆகாமல் போனால் அந்த இடத்தில் வெறும் காலி அடைவு இருக்கும். டாக்கர் (சர்வரின் சேவைகளைத் தனித்தனியாக ஓட்டும் மென்பொருள்) அதைக் கண்டு, எல்லாம் புதிது என்று எண்ணி, எஸ்எஸ்டியில் புதிய டேட்டாபேஸ்களை உருவாக்கத் தொடங்கும். பூல் திரும்பி வந்ததும் அதன்மேல் மவுன்ட் ஆகி, அந்தக் கோப்புகள் மறைந்துவிடும். இரண்டு பூட்டு போடலாம். பூல் எக்ஸ்போர்ட் ஆன நிலையில் காலி அடைவுக்கு சாட்டர் கட்டளையில் பிளஸ் ஐ கொடுத்தால் ரூட் பயனர்கூட அதில் எழுத முடியாது. டாக்கர் சேவைக்கு ஒரு டிராப்-இன் கோப்பில் ‘கண்டிஷன் பாத் இஸ் மவுன்ட் பாயின்ட்’ வரி சேர்த்தால், மவுன்ட் இல்லாதபோது டாக்கர் தொடங்கவே தொடங்காது.

காவல்

டெபியனின் இசட்எஃப்எஸ் பேக்கேஜ் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு ஸ்கிரப் ஓட்டும். அதோடு மோதாமல் ஸ்மார்ட்டி (ஸ்மார்ட் எண்களைக் கண்காணிக்கும் சேவை) நெடுஞ்சோதனையை 20ஆம் தேதி அதிகாலை 3 மணிக்கும், குறுஞ்சோதனையைத் தினமும் 2 மணிக்கும் வைத்தது. வெப்ப எல்லை: 4 பாகை மாறினால் பதிவு, 45ல் எச்சரிக்கை, 50ல் மின்னஞ்சல். இசட்இடி (இசட்எஃப்எஸ்ஸின் அறிவிப்புச் சேவை), பூல் ஆரோக்கியமாக இருந்தால் ஸ்கிரப் முடிந்ததைச் சொல்லாது. அதன் ஆர்சி கோப்பில் நோட்டிஃபை வெர்போஸை 1 ஆக்கினால் மாதாமாதம் ஒரு கடிதம் வரும். கடிதம் வராத மாதம் கடித வழியே உடைந்திருக்கிறது என்று பொருள். அனுப்புவதற்கு எம்எஸ்எம்டிபி (மின்னஞ்சல் அனுப்பும் சிறு மென்பொருள்), 587 போர்ட். வீட்டு இணைப்புகளில் 25 பெரும்பாலும் அடைபட்டிருக்கும்.

யுபிஎஸ் வேண்டுமா என்ற கேள்விக்கு இங்கே விடை கொஞ்சம் வேறு. வட்டார மின்தடை அரிது. மின்சாரம் போவது பெரும்பாலும் நம் வீட்டு மின்விநியோகப் பெட்டியில் ஆர்சிசிபி (மின்கசிவில் தானே அணையும் சுவிட்ச்) விழுவதால்தான். வாட்டர் ஹீட்டர் கசிவு, ஈரமான பால்கனி பிளக், பக்கத்தில் இறங்கிய இடி. யாரும் வீட்டில் இல்லாதபோது விழுந்தால் மாலை வரை அப்படியே கிடக்கும். ஆகவே நீண்ட நேரம் தாங்கும் பெரிய யுபிஎஸ் தேவையில்லை. ஐந்து நிமிடம் தாங்கும் 600 விஏ, யுஎஸ்பி கேபிளில் நட் (யுபிஎஸ்ஸைக் கண்காணிக்கும்) மென்பொருள், பேட்டரி பாதி வந்ததும் ஒழுங்காக அணைப்பு. மூன்று நான்கு வருடத்தில் பேட்டரி மாற்ற வேண்டும். இந்தச் சூட்டில் அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

டிஸ்குகளைத் தூங்கவைத்து மின்சாரம் மிச்சம் பிடிக்கலாமா? இரண்டு டிஸ்கும் சேர்ந்து 8 வாட், பாதி நாள் தூங்கினால் வருடத்துக்கு 35 யூனிட். யூனிட் 30 காசை ஒட்டி இருக்கையில் பத்து வெள்ளி மிச்சம். அதற்காகத் தினம் பலமுறை நின்று நின்று சுழல வைப்பது உசிதமில்லை.

கழற்றிய நொண்டி டிஸ்கில் குடும்பப் படங்கள் இருக்கின்றன. டிடாச் லேபிளைத்தான் அழிக்கும், டேட்டாவை அல்ல. மேலெழுதி அழிக்கும் ஷ்ரெட் கட்டளையில் எண்ணிக்கை 1, கடைசியில் பூஜ்யம் நிரப்பும் இசட் சுவிட்ச். ஆக இரண்டு முழுச் சுற்று, 4 டிபிக்கு 15 மணி நேரத்தைச் சுற்றி. கெட்ட செக்டரில் அது நின்றுவிட்டால், கவரைத் திறந்து தட்டுகளில் ஆழமாகக் கீறிவிடுங்கள். டி6, டி8 டார்க்ஸ் திருப்புளி போதும். சில தட்டுகள் கண்ணாடியால் ஆனவை, தெறிக்கும், ஆகவே பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் போட்டு, கனத்த பிளாஸ்டிக் பைக்குள் வைத்துச் செய்யுங்கள். பிறகு புளோக் கீழே உள்ள குப்பைத் தொட்டியில் அல்ல, 2021 ஜூலையில் தொடங்கிய மின்கழிவுத் திட்டத்தின் பெட்டியில் போடலாம். பெட்டியின் வாய் அளவையும், எதையெல்லாம் ஏற்கும் என்று முன்பக்கத்தில் ஒட்டியிருக்கும் பட்டியலையும் பார்த்துக்கொண்டு.